கரண்ட் கம்பி எட்டாத கூரைகள்

கேரவன் என்றால் நமக்கெல்லாம் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ போய் உட்காரும் ஏ.சி. வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். பக்கத்திலேயே ஒரு ஜெனரேட்டர் வண்டி தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதே மாதிரி வண்டியை ரிட்டயரான தாத்தா பாட்டிகள் சொந்தமாக வாங்கி, குளிர்காலம் முழுக்கப் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு வாழ்கிறார்கள். அதற்கு மோட்டார் ஹோம் என்று பெயர். அந்தத் தடதட சத்தத்தை நிறுத்துவதற்காக அவர்கள் கூரை மேல் ஏறிச் செய்த வேலைதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் ஒரு அசைன்மெண்ட் கொடுத்தார்கள். ஏதாவது ஒரு சொத்தை எடுத்துக்கொண்டு, போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று கணக்குப் போட வேண்டும். ஒருவன் மாவு கிரைண்டரை எடுத்தான். இன்னொருவன் ஷேர் ஆட்டோ. வேறு யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற ஒரே தைரியத்தில் நான் மோட்டார் ஹோம் கூரையில் வைக்கும் சோலார் பேனலை எடுத்தேன். கணக்கு இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. அதன் பின்னால் இருந்த கதை மட்டும் இரண்டு மாதமாக என்னை விடவில்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1954 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் சோலார் செல்லை உலகத்துக்குக் காட்டியது. டாரில் சாப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் ஆகிய மூவரின் வேலை அது. வெயிலில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றும் செல்லை வைத்து ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றவிட்டுக் காட்டினார்கள். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பகுதி. சாப்பினுக்குக் கொடுக்கப்பட்ட பிரச்சினையே வேறு. மின்கம்பி போகாத இடங்களில், அதுவும் ஈரப்பதமான வெப்ப நாடுகளில், தொலைபேசிக் கருவிகளுக்கான உலர் பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போயின. அதற்கு மாற்று தேட வேண்டும். ஆக, சோலார் செல் பிறந்ததே கரண்ட் இல்லாத இடத்துக்காகத்தான். நகரத்து வீட்டு மொட்டை மாடி எல்லாம் பிறகு வந்தது.

ஆனால் விலை? சாப்பினே 1956ல் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு வாட்டுக்கு 286 டாலர். ஒரு சாதாரண வீட்டை அதில் ஓட்ட வேண்டுமென்றால் 14 லட்சம் டாலருக்கு மேல் ஆகும். (இந்த இடத்தில் எந்த காஸ்ட் அக்கவுண்டண்டும் ஃபைலை மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.) பூமியில் வாங்க ஆள் இல்லாததால் செல்கள் வானத்துக்குப் போயின. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வேன்கார்ட் 1 செயற்கைக்கோள்தான் முதல் வாடிக்கையாளர். அதன்பின் பதினைந்து வருடம் இந்தத் தொழில் ஏறக்குறைய முழுக்க விண்வெளிக்காரர்களின் பணத்தில் ஓடியது.

பூமிக்கு அதை இறக்கியவர்கள் யார் தெரியுமா? பெட்ரோல் கம்பெனிக்காரர்கள்! எலியட் பெர்மன் என்ற வேதியியலாளர் எக்ஸான் நிறுவனத்தின் ஆதரவில் 1973ல் சோலார் பவர் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவர் செய்ததில் பெரிய விஞ்ஞானப் புரட்சி எதுவும் இல்லை. செமிகண்டக்டர் கம்பெனிகள் கழித்துப்போட்ட சிலிக்கான் வில்லைகளை மலிவாக வாங்கினார். மெருகேற்றும் வேலையைத் தவிர்த்தார். விலை உயர்ந்த மூடிகளுக்குப் பதில் சாதாரணப் பொருட்களைப் போட்டு ஒட்டினார். வாட்டுக்கு 100 டாலர் விற்றது 20 டாலருக்கு வந்தது. ஒரு பொருளின் விலை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததற்குக் கொள்முதல் பிரிவு காரணம் என்றால் எங்கள் துறைக்காரனுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும், யோசித்துப் பாருங்கள். அந்த பேனல்களை முதலில் வாங்கியவர்களில் மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்த் துரப்பண மேடைகளும் உண்டு. கடலுக்கு நடுவில் எச்சரிக்கை விளக்கு எரியவிட, கனமான பேட்டரிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் மாற்றும் செலவு அவர்களுக்கு மிச்சமானது.

அடுத்து பில் யெர்க்ஸ் கலிபோர்னியாவில் 1975ல் தொடங்கிய கம்பெனியை 1977ல் ஆர்கோ என்ற இன்னொரு எண்ணெய் நிறுவனம் வாங்கி, ஆர்கோ சோலார் என்று பெயர் வைத்தது. 1980ல் ஒரே வருடத்தில் ஒரு மெகாவாட்டுக்கு மேல் பேனல் தயாரித்த முதல் கம்பெனி அதுதான். மோட்டார் ஹோம் கூரைகளுக்குப் போன பழைய பேனல்களில் ஆர்கோ பெயர் அடிக்கடி வரும்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

வண்டியில் வீடு கட்டிக்கொண்டு போகும் ஆசை அமெரிக்கர்களுக்குப் புதிதல்ல. 1910லேயே பியர்ஸ் ஏரோ கம்பெனி, மடக்கினால் கட்டிலாகும் பின்சீட்டும் கை கழுவும் தொட்டியும் வைத்த காரைக் காட்டியது. 1930களில் வாலி பயம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் வெள்ளிநிற டிரெய்லர்கள் வந்தன. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சின்ன ஊரில் இருந்த வின்னபாகோ 1966ல் மோட்டார் ஹோம்களை அசெம்பிளி லைனில் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் அது நடுத்தர வர்க்கத்துக்கு எட்டியது. 1973ல் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது இந்தத் தொழிலுக்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமல்ல.

இதற்கிடையில் யாரும் கவனிக்காத ஒரு மாற்றம் நடந்திருந்தது. அமெரிக்க கார்களின் பேட்டரி 6 வோல்ட்டாக இருந்தது. 1950களின் நடுவில் 12 வோல்ட்டாக மாறியது. இதற்கும் சோலாருக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. ஒரு சிலிக்கான் செல் சுமார் அரை வோல்ட்தான் தரும். 12 வோல்ட் ஈய அமில பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்ய 14 வோல்ட்டுக்குச் சற்று மேல் வேண்டும். எனவே செல்களை வரிசையாகக் கோர்த்துத்தான் பேனல் செய்ய வேண்டும். எத்தனை கோர்ப்பது? பிற்பாடு நிலைத்த விடை 36. அதாவது பல வருடங்கள் உலகம் முழுக்க விற்ற சோலார் பேனலின் உருவத்தைத் தீர்மானித்தது கார் பேட்டரி!

30 போதாதா என்று சிலர் கேட்டார்கள். இது ஒரு சுவாரசியமான தோல்வி. 36 செல் பேனல் போட்டால், பேட்டரி நிறைந்த பிறகு மின்சாரத்தை வெட்டிவிட சார்ஜ் கண்ட்ரோலர் என்ற தனிப் பெட்டி வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க 1980களில் 30 செல் வைத்த பேனல்களை வண்டிக்காரர்களுக்கென்றே விற்றார்கள். பேட்டரி நிறைய நிறைய அதன் வோல்டேஜ் ஏறும், பேனலின் வோல்டேஜும் அதுவும் சமமாகிவிடும், ஓட்டம் தானாகக் குறைந்துவிடும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சோலார் செல்லுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. சூடு ஒரு டிகிரி ஏறினால் வோல்டேஜ் சுமார் 0.4 சதவீதம் இறங்கும். வெயிலில் கூரை மேல் கிடக்கும் பேனல் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். சோதனைக்கூடத்தின் 25 டிகிரியிலிருந்து 35 டிகிரி அதிகம், ஆக 14 சதவீத இழப்பு. 36 செல்லின் 18 வோல்ட் 15.5 ஆகும், பரவாயில்லை. 30 செல்லின் 15 வோல்ட் 13க்குக் கீழே போய்விடும். நல்ல வெயில் நேரத்தில் பேட்டரி ஏறாது! ஒரு பெட்டியின் செலவை மிச்சம் பிடிக்கப் போய் பேட்டரியையே பட்டினி போட்ட கதை.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கியது 2012 மின்வெட்டுக் காலத்தில். அப்போது நான் சின்னப் பையன். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. "முழுசா இறங்க விடாதடா, பேட்டரி செத்துரும்" என்று அவர் சொல்வது இன்னும் காதில் இருக்கிறது. அரிசோனா பாலைவனத்துத் தாத்தாக்களும் இதையேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசு குறையும். 100 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் நடைமுறையில் 50தான் கையில்.

அந்த 50 எத்தனை நாள் வரும்? அந்தக் கால மோட்டார் ஹோமில் மின்சாரத் தேவை குறைவு. ஃபிரிட்ஜும் அடுப்பும் கேஸில் ஓடின. (கேஸ் ஜுவாலையில் ஐஸ் உண்டாகும் ஃபிரிட்ஜ் என்பது எனக்கு இன்னமும் மந்திரமாகத்தான் தெரிகிறது.) மிச்சம் இருப்பது விளக்கு, தண்ணீர் பம்ப், சின்ன டிவி, குளிர் ராத்திரியில் ஹீட்டரின் காற்றாடி. குண்டு பல்பு ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர் என்றால் இரண்டு பல்பு நாலு மணி நேரத்துக்கு 12. டிவிக்கு ஒரு நாலைந்து. பம்புக்கு ஒன்று. காற்றாடிதான் பேராசைக்காரன், 15 வரை குடிக்கும். மொத்தம் 30 சொச்சம். இரண்டாவது ராத்திரி பாதியில் விளக்கு மங்க ஆரம்பிக்கும்.

அப்புறம் ஜெனரேட்டர்தான். அல்லது வாடகை கொடுத்து பிளக் பாயிண்ட் உள்ள முகாமுக்குப் போக வேண்டும். அங்கே பக்கத்து வண்டிக்காரர் குறட்டை விட்டால்கூடக் கேட்கும்.

இந்த இரண்டும் வேண்டாம் என்றவர்கள் ஒரு தனிக் கூட்டம். பிளக் இல்லாத வெட்டவெளியில் வண்டியை நிறுத்தித் தங்குவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பூண்டாக்கிங். இந்த வார்த்தையின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ். தகலாக் மொழியில் 'பூண்டோக்' என்றால் மலை. அங்கே போரிடப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் அதை 'ஆள் அரவமற்ற காடு' என்ற பொருளில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1978ல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதி எஸ்கேப்பீஸ் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே முழுநேரமும் வாழ்பவர்கள் இதன் ஆதாரம். பேனல் பற்றிய அனுபவங்கள் லேபிலிருந்து வந்ததைவிட இந்த மாதிரி வட்டங்களில் வாய்வழியாகப் பரவியதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

இவர்களின் தலைநகரம் அரிசோனாவின் குவார்ட்சைட். கலிபோர்னியா எல்லைக்குப் பக்கத்தில், பத்தாம் எண் நெடுஞ்சாலையில் இருக்கும் பொட்டல் ஊர். கோடையில் சில ஆயிரம் பேர். குளிர்காலத்தில் வருகிறவர்கள் லட்சக்கணக்கில். வடக்கே பனி கொட்டும்போது தெற்கே இறங்கி வருவதால் இவர்களைப் பனிப்பறவைகள் என்கிறார்கள். (வேடந்தாங்கல் ஞாபகம் வருகிறதா?) இந்த ஊருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 1856ல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் ஒட்டகத்தை வைத்துச் சுமை இழுக்கலாமா என்று பரிசோதித்தபோது ஒட்டகக்காரராக வந்த ஹாஜி அலியின் சமாதி இங்கேதான். அமெரிக்கர்கள் வாயில் அவர் பெயர் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. சமாதி மேல் ஒரு பிரமிடு, உச்சியில் செம்பு ஒட்டகம். அதற்கும் சோலாருக்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம். பொதுவாக அரசு நிலத்தில் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. கூட்டம் பெருகவே 1983ல் அந்தத் துறை சில இடங்களை நீண்ட நாள் தங்கும் பகுதிகள் என்று அறிவித்தது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதம், ஒரு கட்டணம் கட்டினால் தங்கலாம். ஆனால் பிளக் பாயிண்ட் கிடையாது. 14 நாள் என்றால் ஜெனரேட்டரோடு ஒப்பேற்றலாம். ஏழு மாதம்? பேனல் விற்பனைக்கு இதைவிட நல்ல விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் எழுதியிருக்க முடியாது.

இப்போது என் அசைன்மெண்ட் கணக்கு. விலைகள் நான் வைத்துக்கொண்டவை, சரித்திர ஆவணம் அல்ல. 1980களின் ஆரம்பம். 40 வாட் பேனல் இரண்டு, வாட்டுக்குப் பத்து டாலர், ஆக 800 டாலர். ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை, மூன்று ஆம்பியர். நல்ல வெயில் ஐந்து மணி நேரம். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 25 முதல் 30 ஆம்பியர் மணி. மேலே சொன்ன செலவுக்கு ஏறக்குறைய சரி. ஜெனரேட்டர் என்றால் அதே 30ஐ ஏற்ற மூன்று மணி நேரம், மணிக்கு அரை காலன் பெட்ரோல். நாளுக்கு சுமார் இரண்டு டாலர். ஒரு சீசனுக்கு 100 நாள் என்றால் 200 டாலர். 800ஐ 200ஆல் வகுத்தால் நாலு சீசன். பரவாயில்லை ரகம்.

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். ஒப்பிட வேண்டியது ஜெனரேட்டரோடு அல்ல. பிளக் உள்ள முகாமில் ஒரு ராத்திரிக்குப் பத்து டாலர் வாடகை என்று வைத்தால் 100 ராத்திரிக்கு 1000. பேனல் போட்டவர் முதல் சீசனிலேயே போட்ட காசை எடுத்துவிட்டார்! சோலார் மின்சாரம் யூனிட்டுக்கு என்ன விலை என்று பொருளாதார நிபுணர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இந்த ரிட்டயர்டு ஆட்கள் யூனிட்டைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அவர்கள் வாங்கியது மின்சாரம் அல்ல, இடம். கம்பியில் வரும் கரண்டோடு ஒப்பிட்டால் அந்தக் கால பேனல் பைத்தியக்காரத்தனம். கம்பியே இல்லாத இடத்தில் ஒப்பிட என்ன இருக்கிறது?

இதே கணக்கைப் போட்ட இன்னும் சிலர் உண்டு. கலிபோர்னியாவின் வில்லிட்ஸ் ஊரில் ஜான் ஷேஃபர் 1978ல் ரியல் குட்ஸ் என்ற கடையைத் திறந்தார். அவர் ஒரு கம்யூனில் வாழ்ந்தவர். காரில் கூடுதலாக ஒரு பேட்டரி வைத்து, வேலைக்குப் போய்வரும் வழியில் அதை சார்ஜ் செய்து, ராத்திரி வீட்டில் விளக்கும் ரேடியோவும் ஓட்டியவர். சில்லறையில் சோலார் பேனல் விற்ற ஆரம்பக் கடைகளில் அது ஒன்று. வாடிக்கையாளர்கள்? மலைக்காட்டில் கஞ்சா பயிரிட்டவர்கள் கணிசம். கையில் ரொக்கம் இருந்தது, கம்பி இல்லை, மின்வாரியத்தை வீட்டுக்குக் கூப்பிடும் உத்தேசமும் இல்லை :-) சோலாரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆய்வகம், செயற்கைக்கோள் என்று ஆரம்பித்து நேராக ஜெர்மனி, சீனா என்று தாவிவிடுகிறார்கள். நடுவில் முழு விலை கொடுத்து வாங்கிய தொலைபேசிக் கோபுரங்கள், கடல் மிதவைகள், படகுக்காரர்கள், பனிப்பறவைகள், இந்தக் காட்டுவாசிகள் எல்லாம் அடிக்குறிப்பு ஆகிவிட்டார்கள். சின்ன சந்தைதான். ஆனால் 1985 இறுதியில் அமெரிக்க அரசு வீட்டு சோலாருக்கான வரிச்சலுகையை நிறுத்தியபோதும் கடையை மூடாமல் வைத்திருந்தது இந்தச் சின்ன சந்தைதானே? 1987ல் ஓரகனில் கம்பி இல்லாத ஒரு வீட்டிலிருந்து ஹோம் பவர் என்ற பத்திரிகை வெளிவர ஆரம்பித்ததும் இவர்களை நம்பித்தான். 2018 வரை வந்தது.

கூரையில் ஏற்றும் வேலைக்கு வருகிறேன். இங்கேயும் கற்றுக்கொண்டதெல்லாம் பட்டுத்தான்.

குளிர்காலத்துப் பிரச்சினை முதலில். குவார்ட்சைட் சுமார் 34 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் உச்சிவேளையிலேயே சூரியன் 33 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். கூரையில் படுத்துக் கிடக்கும் பேனலுக்கு அந்த நேரடி வெயிலில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். வெயிலைத் தேடி வருகிற சீசனில்தான் வெயில் சாய்ந்து கிடக்கிறது! எனவே பேனலின் ஒரு பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுக்கும் மடக்குக் கால்கள் வந்தன. வண்டியை எந்தத் திசையில் நிறுத்துவது என்பது பஞ்சாங்கம் பார்க்கிற விஷயமாகிவிட்டது. தூக்கிய பேனலை இறக்க மறந்து வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்தது நிழல். 36 செல்லும் ஒரே வரிசையில் கோர்த்தவை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை ஒரு இடத்தில் மிதித்தால் போதும், முனையில் தண்ணீர் வராது. அப்படி ஒரு செல்லில் நிழல் விழுந்தால் மற்ற 35ம் சேர்ந்து முடங்கும். மோட்டார் ஹோம் கூரையில் ஏ.சி. பெட்டி, காற்றுப் போக்கி, ஆண்டெனா என்று நிழல் போடுவதற்கே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவது கம்பி. 12 வோல்ட்டில் அரை வோல்ட் போனாலே பெரிய இழப்பு. சும்மா கையில் கிடைத்த மெல்லிய ஒயரைப் போட்டு, பேனல் சரியில்லை என்று திட்டியவர்கள் ஏராளம். தடித்த ஒயரை மாற்றியதும் அதே பேனல் ஒழுங்காக வேலை செய்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் கூரையில் ஓட்டை போடுவது. ஸ்க்ரூ போட்ட இடத்தில் சீலண்ட் பிசகினால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி மரச்சட்டம் உளுத்துப்போகும். இதற்குப் பயந்து பிற்காலத்தில் வளையும் பேனலைக் கூரையோடு ஒட்டிப் பார்த்தார்கள். அடியில் காற்றுப் போக இடமில்லை, சூடு ஏறியது, சீக்கிரம் கெட்டது. அந்த 30 செல் கதையேதான், வேறு வேஷத்தில். கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடு என்ற பழைய பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

என் அசைன்மெண்டுக்கு 20க்கு 14 கிடைத்தது. சிவப்பு மையில் சார் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "எஞ்சிய மதிப்பு பூஜ்யமா?" பேனலின் ஆயுள் முடிந்ததும் அதற்கு விலை கிடையாது என்று நானாகவே போட்டுவிட்டிருந்தேன். அந்தச் சிவப்பு மையைத் துரத்திக்கொண்டு போனபோதுதான் கரிசோ சமவெளி அகப்பட்டது.

கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ மாவட்டத்தில் உள்ள அந்தச் சமவெளியில் 1983ல் ஆர்கோ சோலார் மின் நிலையம் கட்ட ஆரம்பித்தது. 5.2 மெகாவாட், அப்போது உலகிலேயே பெரியது. வெயிலைக் கூட்ட பேனல்களின் பக்கத்தில் கண்ணாடிகளை வைத்தார்கள். அதிக வெளிச்சத்திலும் சூட்டிலும் செல்களை மூடியிருந்த பிளாஸ்டிக் படலம் பழுப்பாகிப்போனது. உற்பத்தி இறங்கியது. எண்ணெய் விலையும் சரிந்துவிட்டது. 1990ஐ ஒட்டி ஆர்கோ சோலாரே சீமென்ஸ் கைக்குப் போனது. 1990களில் நிலையத்தைப் பிரித்து பேனல்களை செகண்ட் ஹேண்டில் விற்றார்கள். பழுப்பு நிறம், பழைய ரகம், புதியதைவிட விலை குறைவு. வாங்கிப் போட்டவர்கள் மறுபடியும் கம்பி எட்டாத ஆட்கள்தான். மின் நிலையக் கணக்கில் நஷ்டம் என்று எழுதப்பட்ட சரக்கு, கூரைகளுக்குப் போய் விளக்கு எரித்தது. எஞ்சிய மதிப்பு பூஜ்யம் அல்ல, சார்.

அதற்குப் பிறகு காற்று திசை மாறியது. 2000ல் ஜெர்மனி கொண்டுவந்த சட்டம், சோலார் மின்சாரத்தை நிச்சயமான விலைக்கு வாங்க உத்தரவாதம் கொடுத்தது. அதை ஒட்டித்தான் கம்பியோடு இணைந்த சோலார், இணையாததை அளவில் முந்தியது. தொழிற்சாலைகள் 60 செல், 72 செல் பேனல்களைக் குவிக்க ஆரம்பித்தன. விலை சரிந்தது. உற்பத்தி மொத்தம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 சதவீதம் குறைகிறது என்று ஒரு விதியே சொல்கிறார்கள். வாட்டுக்கு 2012ல் ஒரு டாலருக்குக் கீழே போனது. தமாஷ் என்னவென்றால், மலிவான பேனல் எதுவும் 12 வோல்ட் பேட்டரிக்குப் பொருந்தாது! யாருக்காக 36 செல் என்று வந்ததோ அவர்கள் இப்போது சந்தையின் ஓரத்தில். பாலம் போட்டது எம்.பி.பி.டி. கண்ட்ரோலர். அதிக வோல்டேஜை வாங்கி, பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு இறக்கி, இறக்கியதை ஆம்பியராகக் கொடுக்கும் பெட்டி. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இதை வண்டிக்காரர்களிடம் கொண்டுபோன கம்பெனி ஒன்றின் பெயரே ஆர்.வி. பவர் புராடக்ட்ஸ்.

பேட்டரியும் மாறியது. அப்பா சொன்ன 'பாதிக்கு மேல் இறக்காதே' என்பதை உடைத்தது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1997ல் அதை வெளியிட்டது. அந்த வகைப் பொருட்களுக்கான அடித்தள ஆராய்ச்சியை அதே ஆய்வகத்தில் 1980களில் செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 2019ல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியதும் இவரே. வண்டிக்கூரைக் கதையில் நம்மூர்க்காரர் ஒருவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கூரையில் சோலார் வைத்த பெரிய மோட்டார் ஹோம் ஒரு காலனுக்கு எட்டு பத்து மைல்தான் ஓடும். வடக்கிலிருந்து அரிசோனா வருவதற்குள் எரிக்கும் எண்ணெய்க்கு ஈடு சொல்ல அந்த இரண்டு பேனலால் முடியாது. இவர்களை சுற்றுச்சூழல் வீரர்கள் என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. 2008 வீழ்ச்சிக்குப் பின் வீட்டையும் வேலையையும் இழந்து, வேன்களில் குடியேறிய வயதானவர்களும் இதே குவார்ட்சைட்டுக்கு வந்தார்கள். ஜெசிகா ப்ரூடர் 2017ல் எழுதிய நோமாட்லேண்ட் புத்தகமும், 2020ல் வந்து ஆஸ்கார் வாங்கிய படமும் அவர்களைப் பற்றியவை. என் கணக்கில் வந்த 'வாடகை மிச்சம்' அவர்களுக்கு மிச்சம் அல்ல. கொடுக்க வாடகையே இல்லாதவர்கள். ஒரே 100 வாட் பேனல், ஒருவருக்கு டிவி பார்க்க, பக்கத்து வண்டிக்காரருக்குப் போனை சார்ஜ் போட்டு அடுத்த சீசனுக்கு வேலை தேட.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் கடன் வட்டிச் சலுகைக்கு எது வீடு என்று ஒரு வரையறை இருக்கிறது. தூங்க இடம், சமைக்க இடம், கழிப்பறை மூன்றும் இருந்தால் டிரெய்லரும் படகும்கூட வீடுதான். அந்த தைரியத்தில் வண்டிக்கூரை பேனலுக்கும் 30 சதவீத சோலார் வரிச்சலுகை கேட்டவர்கள் உண்டு. அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31 உடன் முடிந்தது. குவார்ட்சைட்டுக்குப் போகிறவர்கள் இப்போது முழு விலை கொடுத்துத்தான் வாங்குகிறார்கள், 1986ல் வாங்கியவர்கள் மாதிரியே. விலைதான் வேறு.